ஊர்காவற்றுறையில் கவிழப் பழகினோம்

1

எங்கள் மகள் ஆரணி வீட்டைவிட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. யாரோடும் ஓடிப்போகவில்லை. ஊர்காவற்றுறைக்குப் போய்விட்டாள்.

நோர்வேயின் மேற்குக் கரையில், மழைக்குப் பெயர்போன ஒரு சிறு பட்டினத்தில் நாங்கள் இருக்கிறோம். நான் முதியோர் இல்லமொன்றின் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். இவர், என் கணவர், பஸ் ஓட்டுகிறார். இருவரும் யாழ்ப்பாணத்தை அடுத்த புங்குடுதீவில் மடத்துவெளிக்காரர்; ஊர்காவற்றுறை எங்களுக்குப் பக்கத்துத் தீவில். ஆரணி இங்கே பிறந்தவள், ஒரே பிள்ளை. தமிழ் ஆட்கள் கூடும் இடத்தில், பிறந்தநாளோ சாமத்தியவீடோ, யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

“மகள் எங்கை, காணேல்லை?”

“ஊர்காவற்றுறையில.”

“லீவிலயோ?”

“இல்லை, அங்கைதான் வேலை.”

“ஆஸ்பத்திரியிலயோ?”

“கயாக் ஓடப் பழக்கிறா.”

கேட்டவர்கள் அதோடு தேத்தண்ணீர் எடுக்கப் போய்விடுவார்கள். பிள்ளைகளைப் பற்றி இங்கே நாங்கள் பேசிவந்த கவலைக்கு ஒரு வடிவம் உண்டு. தமிழை விட்டுவிடுவார்கள், விரும்பியவரைக் கட்டுவார்கள், ஊர்ப்பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளையைப் பற்றி எப்படிக் கவலைப்படுவது என்று எங்களில் யாருக்கும் பழக்கமில்லை.

கயாக்கைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒடுங்கிய, நீண்ட சிறு ஓடம். வாழைப்பொத்தியின் மடல் ஒன்றைத் தண்ணீரில் விட்டால் எப்படி மிதக்குமோ அப்படி மிதக்கும். அதற்குள் காலை நீட்டி உட்காரவேண்டும். இரண்டு முனையிலும் தட்டையுள்ள ஒரு துடுப்பை மாறிமாறித் தண்ணீரில் போட்டு இழுக்கவேண்டும். எஞ்சின் இல்லை, பாய் இல்லை. நம் ஊர் வள்ளத்தில் இருப்பவர் தண்ணீருக்கு மேலே இருப்பார். கயாக்கில் இருப்பவர் தண்ணீருக்குள் குந்தியிருப்பதுபோல் இருப்பார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசம் பெரிது.

2

இந்த நாட்டில் பள்ளிக்கூடமே பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஆரணி சிறுமியாக இருந்தபோது பெற்றோரின் சம்மதம் கேட்டு ஒரு தாள் வந்தது. துடுப்புப் போடுவதற்கு இவர்களுடைய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் தேரை என்று பொருள் வரும். நான் அந்த எழுத்தை மாற்றி எழுதிவிட்டேன். என் மகள் சக மாணவர்களோடு தேரையாகப் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வகுப்பு ஆசிரியை நல்லவர், சிரிக்கவில்லை. ஆரணி சிரித்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டுத் தாள்களை அவளே நிரப்பினாள்.

தேரையாகப் போனவள் திரும்பி வரும்போது கடல்பைத்தியமாக வந்தாள். வார இறுதிகளில் தமிழ் வகுப்பை விட்டாள், நடன வகுப்பை விட்டாள். குளிர்காலத்திலும் உடம்போடு ஒட்டிய றப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். பல்கலைக்கழகம் படித்தாள், படித்ததை வைத்து ஓர் அலுவலகத்தில் வேலையும் செய்தாள். ஆனால் அவளுடைய மனம் கடற்கரையில் இருந்த கயாக் கழகத்தில்தான் இருந்தது. அங்கே புதியவர்களுக்குப் பழக்கும் ஆளாக வந்துவிட்டாள்.

எங்களுக்கு இது விளங்கவில்லை. தீவில் பிறந்தவர்கள் என்றால் கடலோடு வளர்ந்தவர்கள் என்று வெளியார் நினைப்பார்கள். நாங்கள் கமக்காரர். எங்களுக்குத் தெரிந்தது புகையிலையும் பனையும் கிணற்றடியும். கடல் என்பது பஸ்ஸும் வள்ளமும் எங்களைக் கடத்திவிடும் ஒரு இடைவெளி. அதில் இறங்கித் தொழில் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். இந்த “வேறு” என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் விளக்கிச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது.

பிறகு தீவு ஆமியின் கைக்குப் போனது. சனம் வெளிக்கிட்டது. நானும் இவரும் தனித்தனியாக, கலியாணப் பேச்சே இல்லாத காலத்தில், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறக் கிளாலிக் கடலை நெருக்கியடித்த வள்ளங்களில் கடந்தோம். இவர் வந்த வள்ளத்தில் எல்லோரும் கரைசேரவில்லை. கலியாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். அதன்பிறகு சொல்லவில்லை. நோர்வேக்காரர் படகில் போவோமா என்று கூப்பிட்டால் தனக்குக் கடல் ஒத்துவராது என்பார். வயிற்றைத் தடவிக் காட்டுவார்.

ஆகவே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஆரணி, “நான் ஊர்காவற்றுறையில இருந்து கயாக் பழக்கப்போறன். ஆறு கயாக் கொழும்பில வாங்கியாச்சு,” என்று சொன்னபோது இவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டார். எழுந்துபோய் மழைக்குள் காரைக் கழுவினார்.

நான்தான் கேட்டேன். “உனக்கு அங்கை ஆரைத் தெரியும்?”

“ஒருத்தரையும் தெரியாது. இஞ்சை வரேக்குள்ள உங்களுக்கு ஆரைத் தெரியும்?”

3

அவள் போன முதல் சில மாதங்கள் முழுவதும் கடதாசி வேலை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவள் அங்கே தங்கவேண்டுமென்றால் தாய் அங்கே பிறந்தவர் என்று காட்டவேண்டும். என் பிறப்புச் சான்றிதழ் எங்கள் வீட்டோடு போய்விட்டது. பிரதி எடுத்தபோது அதில் என் பெயர் ஒருவிதமாகவும் நோர்வேக் கடவுச்சீட்டில் வேறுவிதமாகவும் இருந்தது. இருவரும் ஒருவரே என்று நான் சத்தியம் செய்யவேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்தில் கயாக்குக்கு எஞ்சின் இலக்கம் கேட்டார்கள். எஞ்சின் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். எஞ்சின் இல்லையென்றால் அது வள்ளம் அல்ல, வள்ளம் அல்லாததற்கு அனுமதி கொடுக்க வழி இல்லை என்றார்கள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அதே அலுவலகத்து ஆள்தான். “விளையாட்டுப் பொருள்” என்று போடச் சொன்னார்.

அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். அதை வைத்து ஒரு விளம்பரத்தட்டி எழுதி வீதியோரம் கட்டினாள். எந்த அளவு பழக்கம் உள்ளவரும் வரலாம் என்று சொல்லவந்தவள், “எல்லாத் தரத்தினரும் வரலாம்” என்று எழுதிவிட்டாள். ஊரில் அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒருவர் வந்து மரியாதையாகக் கேட்டாராம்: “தங்கச்சி, இஞ்சை ஆர் ஆர் என்ன தரம் எண்டு நீர் எப்பிடிப் பிரிக்கிறீர்?” அன்றைக்கே தட்டியைக் கழற்றி, “நீந்தத் தெரியாதவர்களும் வரலாம்” என்று மாற்றி எழுதினாள்.

மீனவர் சங்கத்தில் அனுமதி கேட்கப் போனபோது இன்னொன்று நடந்தது. எப்படிப் பழக்குவீர் என்று கேட்டார்கள். கயாக் பழகுவதில் முதற்பாடம் கவிழ்வது. வேண்டுமென்றே கவிழவேண்டும், வெளியே வரவேண்டும், கயாக்கைப் பிடித்துக்கொண்டு மிதக்கவேண்டும், திரும்ப ஏறவேண்டும். அது தெரியாமல் ஒருவரையும் ஆழத்துக்கு விடமாட்டார்கள். இவள் எழுந்து நின்று, “முதல் நாள் எல்லாரையும் கவிட்டுப்போடுவன்,” என்றாளாம். பிறகு ஒரு கிழவர், “வெளிநாட்டுக்காரர் வழமையா அதைச் சொல்லிப்போட்டுச் செய்யிறேல்லை,” என்றாராம். சிரித்துச் சிரித்தே அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் அவள் தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். தகப்பனோடு கதைக்கவில்லை. தகப்பனும் கேட்கவில்லை. நான் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கதைப்பேன். இவர் பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தி போனது.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நான் ரிக்கெற் போட்டேன். இவர் விமான நிலையத்தில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஒரு வசனம் சொன்னார்.

“வரேக்குள்ள அவளையும் கூட்டிக்கொண்டு வாரும்.”

4

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓடு போட்ட ஒரு பழைய வீட்டை அவள் வாடகைக்கு எடுத்திருந்தாள். முன்விறாந்தையில் கயாக்குகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. உள்ளே ஒரு கட்டில், இரண்டு கதிரை, ஓர் அலுமாரி. மடத்துவெளிக்குப் போய் எங்கள் வளவைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பிறகு பார்க்கலாம் என்றேன். பற்றைக்குள் நிற்கும் இரண்டு சுவரைப் பார்க்க எனக்கு அவசரம் இல்லை.

அப்போது ஐந்து பெண்கள் பழக வந்துகொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து சட்டையோடு வந்து, உள்ளே நீளக் காற்சட்டையும் நீளக் கைச் சட்டையும் மாற்றிக்கொண்டு இறங்குவார்கள். மாற்றுவதற்கு ஓர் அறை இருந்ததால்தான் இந்த வகுப்பே நடந்தது என்று நினைக்கிறேன். ஜெசிந்தா என்பவர் முன்பள்ளி ஆசிரியை, நாற்பது தாண்டியவர். அல்லைப்பிட்டியில் பிறந்து, அங்கே கொலைகள் நடந்த வருடம் குடும்பத்தோடு வெளிக்கிட்டு, கலியாணம் செய்து ஊர்காவற்றுறைக்கு வந்தவர். அந்த வருடத்தைப் பற்றி அவர் அவ்வளவுதான் சொன்னார். சுகி என்ற பெண் தபாற்கந்தோரில் வேலை, கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடலில் கறுத்துப்போவாய் என்று தாய் ஏசுகிறாள் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டே வந்தாள். மற்ற மூவரும் அயலவர்கள்.

சங்கத் தலைவர் சவிரிமுத்து அண்ணை என்னைப் பார்க்க வந்தார். தலை நரைத்த, நிதானமான மனிதர். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருந்தார்.

“நீங்கள் மடத்துவெளி ஆக்கள் எல்லோ,” என்றார்.

“ஓம் அண்ணை.”

என் அப்பாவின் பெயரைச் சொன்னார். “எனக்கு அவரைத் தெரியும். என்ர ஐயா உங்கட வீட்டுக்கு மீன் கொண்டுவந்தவர். படலைக்கு வெளியில நிண்டு குடுக்கிறது.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வழியில் ஒரு வளைவு இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் “ஓம்” என்றேன். வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும். தேத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “பிள்ளை நல்ல பிள்ளை. வானத்தைப் பார்க்கத்தான் இன்னும் பழகேல்லை,” என்று சொல்லிப் போனார்.

அடுத்தநாள் நானும் தண்ணீருக்குள் இறங்கினேன். தாய் கரையில் நின்று பார்க்கும்போது பழக்குவது கஷ்டமாக இருக்கிறது என்று ஆரணி சொன்னாள். இறங்குதுறைக்குக் கிழக்கே கடல் ஆழமில்லை; இடுப்பளவு. அங்கேதான் பாடம். இத்தனை வருடம் நோர்வேயில் இருந்து செய்யாததை நான் ஊர்காவற்றுறையில் செய்தேன். வலப்பக்கம் சாய்ந்தேன். உலகம் தலைகீழானது. காதுக்குள் உப்புத்தண்ணீர். கால்கள் தாமாகவே வெளியே வந்தன. எழுந்தபோது ஜெசிந்தா எனக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

“எப்பிடி அக்கா?”

“தோசைக்கல்லில போட்டுத் திருப்பின மாதிரி.”

“எனக்கு முதல் நாள் பூசை முழுக்கக் காதுக்குள்ள தண்ணி,” என்றார்.

கவிழ்வது சுலபம். ஏறுவதுதான் பெரும்பாடு. ஒருவர் தன் கயாக்கை இணைத்துப் பிடிக்க, மற்றவர் வயிற்றால் எக்கி மேலே படுத்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கவேண்டும். ஜெசிந்தாவால் ஏலாது. ஒவ்வொரு முறையும் பாதியில் வழுக்கி விழுவார். இடுப்பளவுத் தண்ணீர் ஆனபடியால் எழுந்து நின்று சிரிப்பார். ஆரணி சிரிக்கமாட்டாள். “திருப்பி,” என்பாள். அவள் அப்படிக் கண்டிப்பாகப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் அவளை நாங்கள் இன்னும் சாப்பிட்டாயா என்று கேட்கிற பிள்ளையாகத்தான் வைத்திருந்தோம்.

5

பாடத்தின் முடிவில் ஒரு பயணம். கடல் நடுவே ஒரு பழைய கோட்டை நிற்கிறது. அதற்கு இப்பால் ஒரு மணல்திட்டு. அங்கே போய்த் திரும்புவது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட அந்தக் கடலில் கிழக்கே ஒதுக்கமான களப்பு. மேற்கே கோட்டையைத் தாண்டினால் வெளிக்கடல்.

காலையில் கண்ணாடிபோலக் கிடந்தது. வகுப்பில் ஐவரும் நானுமாக ஆறு பேர். ஆரணி நோர்வேயிலிருந்து கொண்டுபோன தன் சொந்தக் கயாக்கில் வந்தாள். துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம் மட்டும். அடியில் சாதாளை என்ற கடற்புல்லும் நண்டும் தெரிந்தன. அந்த உயரத்திலிருந்து தீவு வேறுவிதமாகத் தெரிகிறது. பஸ்ஸில் வரும்போது வீதியும் மதிலும்தான் தீவு. தண்ணீரிலிருந்து பார்த்தால் பனைகள் மட்டும். யாருடைய வளவு, யாருடைய எல்லை என்று ஒன்றும் தெரியவில்லை.

திட்டில் இறங்கினோம். பிஸ்கற் சாப்பிட்டோம். படம் எடுத்தோம். கிழக்கே பெருநிலத்துப் பக்கம் முகில் கட்டத் தொடங்கியிருந்தது. ஆரணி அதைப் பார்த்தாள். “வெளிக்கிடுவம்,” என்றாள். “இன்னும் ஒரு படம், தங்கச்சி,” என்றார்கள். விட்டாள்.

பாதி வழியில் காற்று வந்தது. கிழக்கிலிருந்து, முன்னறிவிப்பு இல்லாமல், கதவைத் தள்ளித் திறந்ததுபோல. கண்ணாடி நொறுங்கிச் சிறு அலையானது. நாங்கள் கரையை நோக்கித்தான் வலித்தோம். ஆனால் கோட்டை எங்களுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. எங்களைக் காற்று மேற்கே தள்ளுகிறது என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

மீன் பிடிப்பதற்காகக் கடலில் நட்டிருந்த களங்கண்ணிக் கம்புகள் பக்கத்தில் இருந்தன. ஆரணி சத்தம் போட்டாள். “எல்லாரும் அந்தக் கம்புக்குப் போங்கோ. ஒராளை ஒராள் பிடியுங்கோ.” நால்வரும் நானும் போய்ச் சேர்ந்தோம். ஜெசிந்தா பின்தங்கியிருந்தார். அவருடைய கயாக் அலைக்குக் குறுக்கே திரும்பியது. ஒரு கணம் அவருடைய முகம் தெரிந்தது. அடுத்த கணம் கயாக்கின் அடிப்பக்கம் தெரிந்தது.

அங்கே தண்ணீர் இடுப்பளவு அல்ல, ஆழம்.

அவர் மேலே வந்தார். கயாக்கைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே மேற்கே போய்க்கொண்டிருந்தார்.

நான் துடுப்பை எடுத்தேன். “பிள்ளை, நானும் வாறன்.”

“வேண்டாம்.” ஆரணி திரும்பியும் பார்க்கவில்லை. “அம்மா, நீங்கள் நடுவில. ஒரு கையால கம்பு, மற்றக் கையால சுகியின்ர கயாக். நான் வருமட்டும் விடாதேங்கோ. என்ன நடந்தாலும் விடாதேங்கோ.”

பிறகு போய்விட்டாள். மழை வந்தது. மழைக்குள் இருவரும் மறைந்தார்கள்.

அந்த நேரத்தைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. கம்பில் ஊரிச் சிப்பி ஒட்டியிருந்தது, உள்ளங்கையைக் கிழித்தது. சுகி அழுதாள். “அக்கா, எனக்கு நீந்தத் தெரியாது.”

“எனக்கும் தெரியாது. ஜக்கெற்றுக்குத் தெரியும். பிடிச்சுக்கொண்டிரு.”

என் பிள்ளை மழைக்கு அந்தப்பக்கம் இருந்தாள். போய்ப் பார்க்கவேண்டும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. நான் போயிருந்தால் நானும் கவிழ்ந்திருப்பேன். அவள் ஒருவருக்குப் பதில் இரண்டு பேரைப் பார்க்கவேண்டி வந்திருக்கும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது. அப்படி இருந்தும் கையை விடாமல் இருப்பதுபோலக் கடினமான வேலை எதையும் நான் செய்ததில்லை. அவள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து, ஏதாவது செய்வதுதான் தாயின் வேலை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கும்படி அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். நான் கேட்டேன்.

மழை மெலிந்தபோது இரண்டு கயாக்குகள் தெரிந்தன. இரண்டிலும் ஆள் இருந்தது. ஜெசிந்தா தானே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. ஆரணி அவருக்குக் காற்று வரும் பக்கத்தில் ஒட்டினாற்போல் வந்தாள். அதற்குள், வானம் கறுத்ததைக் கண்டு வெளிக்கிட்ட சவிரிமுத்து அண்ணையின் எஞ்சின் போட்டும் வந்துவிட்டது. ஏறச் சொன்னார். சுகி ஏறினாள். ஜெசிந்தா மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“நான் ஓடிக்கொண்டு வாறன் அண்ணை. பக்கத்தில வாங்கோ, அது போதும்.”

அவர் எஞ்சினைக் குறைத்து, எங்களுக்குக் காற்று மறைவாகப் போட்டை வைத்துக்கொண்டு கரைவரை வந்தார்.

6

இறங்குதுறையில் சனம் நின்றது. ஜெசிந்தாவின் கணவர் குடையோடு நின்றார். முழுக்க நனைந்திருந்த மனிசிக்குக் குடை பிடித்துக்கொண்டு கூட்டிப்போனார். பின்னேரத்துக்குள் கதை காரைநகர்வரை போய்விட்டது: வெளிநாட்டுப் பெட்டை பொம்பிளைகளைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கவிட்டுப்போட்டாள். களங்கண்ணிக்காரரும் வந்து கம்பு சரிந்துவிட்டது என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு சங்கம் கூடும் என்று சொல்லியனுப்பினார்கள்.

தொலைபேசியில் நான் இவருக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“இதோட முடிஞ்சுது,” என்றார். “நீர் ஒண்டும் பொய் சொல்லத் தேவையில்லை. தாய்க்குப் பயமாக் கிடக்கு எண்டு மட்டும் அவையளுக்குச் சொல்லும். அவையளே நிப்பாட்டிப்போடுவினம்.”

அது சரியான கணிப்பு. பயமாக இருந்ததும் உண்மை.

சங்கக் கட்டடத்தில் ஆண்கள் வாங்குகளில் இருந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். ஆரணியை முதலில் கேட்டார்கள். அவள் எழுந்து நின்றாள்.

“பிழை என்ரதான். முகிலைக் கண்டனான். அப்பவே வெளிக்கிட்டிருக்கவேணும். படம் எடுக்க விட்டிட்டன்.”

அவள் வேறு சாக்குச் சொல்வாள் என்று சிலர் எதிர்பார்த்திருக்கவேண்டும். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சவிரிமுத்து அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் தாய். நீங்களும் அதுக்குள்ள நிண்டனீங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனீங்கள் எண்டும் கேள்விப்பட்டம். நீங்கள் போதும் எண்டு சொன்னால் நாங்கள் நிப்பாட்டுவம். ஆரிலயும் கோபம் வராது. என்ன சொல்லுறியள்?”

ஆரணி என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்கு விளங்கியது. நான் எதற்காக வந்தேன் என்பதும், தகப்பன் விமான நிலையத்தில் என்ன சொல்லியிருப்பார் என்பதும். தெரிந்தும் அவள் என்னை வகுப்பில் சேர்த்திருந்தாள்.

“எனக்குச் சரியான பயம்,” என்றேன். “இப்பவும் பயம்தான். பிந்தி வெளிக்கிட்டது பிழை. அதை அவளே சொல்லிப்போட்டாள். ஆனா காத்து வந்த பிறகு அவள் செய்ததில பிழை இல்லை. எங்களை எங்கை விடவேணுமோ அங்கை விட்டாள். ஆரிட்டைப் போகவேணுமோ அவவிட்டைப் போனாள். பெத்த தாய் நான் கூப்பிட்டும் அவள் திரும்பேல்லை. திரும்பியிருந்தால் ஜெசிந்தா இண்டைக்கு இஞ்சை நிக்கமாட்டா.” கொஞ்சம் நிறுத்தினேன். “நிப்பாட்டச் சொல்லி நான் கேக்கேல்லை.”

ஒரு மகளைத் திருப்பிக் கூட்டிவரக் கிடைத்த நல்ல சந்தர்ப்பத்தை நானே தள்ளிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர், “எண்டாலும் ஒரு குடும்பப் பொம்பிளை கவிண்டது கவிண்டதுதானே,” என்றார்.

அப்போது சுவரோரம் நின்ற ஜெசிந்தா பேசினார். உரத்துப் பேசவில்லை. முன்பள்ளிப் பிள்ளைகளோடு பேசுகிற குரல்.

“நான் கவிண்டதைத்தான் மூண்டு நாளா எல்லாரும் கதைக்கினம். நான் ஏறினதை ஒருத்தரும் கதைக்கேல்லை. ஆழத்தண்ணியில, மழைக்குள்ள, ரண்டு தரம் வழுக்கி விழுந்து பிறகு ஏறினனான். இடுப்பளவு தண்ணியில ஒருக்காலும் என்னால ஏலாமப் போனது. அண்டைக்கு ஏலும் எண்டு போச்சு.” கணவரைப் பார்த்தார். “நான் இன்னும் போவன்.”

கணவர் சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தார். மறுப்புச் சொல்லவில்லை.

சங்கம் சில நிபந்தனைகள் வைத்தது. விடியப் போய் வெயில் ஏறமுன் திரும்பவேண்டும். போகுமுன் சங்கத்துக்குச் சொல்லவேண்டும். எஞ்சின் போட் ஒன்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்கவேண்டும். சரிந்த கம்பை ஆரணி நட்டுக்கொடுக்கவேண்டும். கம்பு நட அவளோடு அந்தப் பெண்களும் போனார்கள். சுகி மட்டும் வரவில்லை. அவள் பிறகும் வரவில்லை. வீட்டில் விடவில்லை என்று கேள்வி. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதினால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்ததாகும்.

போவதற்கு முதல்நாள் மடத்துவெளிக்குப் போனோம். சுவர்கள் நின்றன. ஆரணி அவற்றை அதிகம் பார்க்கவில்லை. வளவின் பின்னால் கடல் எவ்வளவு தூரம், அங்கே கயாக் இறக்க வசதியா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

7

நான் தனியாகத்தான் விமானத்தால் இறங்கினேன். இவர் என் பின்னால் வருகிறவர்களையும் பார்த்தார். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டார். மறுநாள் நான் வேலைக்குப் போனேன். முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டி என் உள்ளங்கைக் காயத்தைக் கண்டு என்ன என்று கேட்டார். கடலில் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். தன் தகப்பனும் மீன்பிடிக்காரர் என்று சொல்லி, அதற்குமேல் விளக்கம் கேட்காமல் விட்டார்.

சில நாட்கள் கழித்துச் சாப்பிடும்போது இவர் கேட்டார்.

“அண்டைக்கு என்ன காத்து?”

“கிழக்கு.”

“சட்டெண்டு வந்ததோ?”

“ஓம்.”

“இப்பவெல்லாம் சட்டெண்டு வாற காத்தையும் முதலே போனில போட்டிடுவாங்கள்,” என்றார். பஸ் ஓட்டுகிறவர் ஆனபடியால் இவருடைய தொலைபேசியில் காலநிலை பார்க்கும் வசதி எப்போதும் இருக்கும். எந்த மலைப்பாதையில் பனி, எந்தப் பாலத்தில் காற்று என்று பார்த்துத்தான் வெளிக்கிடுவார். அதில் உலகத்தில் எந்த இடத்தையும் போட்டுப் பார்க்கலாமாம். ஊர்காவற்றுறையைப் போட்டுக் காட்டினார். அதில் காற்றின் திசைக்கு ஒரு சிறு அம்புக்குறி இருந்தது. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன் இவர் ஆரணிக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். சுகம் விசாரிப்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. நாளைக்கு என்ன காற்று, எத்தனை மணிக்குத் திரும்பும், மழை உண்டா இல்லையா. அவ்வளவுதான். அவளும் ஒரு சொல்லில் பதில் போடுவாள். மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத இருவர், காற்றைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

போன கிழமை அவள் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். தகப்பன் அனுப்பிய செய்தியின் படம். “நாளைக்கு இறங்காதை. ஜெசிந்தாவுக்கும் சொல்லு,” என்று இருந்தது. ஜெசிந்தாவை இவர் கண்டதே இல்லை.

கீழே அவளுடைய பதில்: “ஓம் அப்பா. இறங்கேல்லை.”